புதுப் போனைப் பழைய ஸ்டீரியோவோடு இணைப்பது எப்படி

புதுப் போன் வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும் பலர் தேடுவது ஹெட்போன் ஓட்டையைத்தான். பெரும்பாலும் அது இருக்காது. 2016இல் ஐபோன் 7இல் ஆப்பிள் அதை எடுத்துவிட்டது, அப்புறம் மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போய்விட்டன. சாம்சங்கின் எஸ் வரிசையில் 2020இல் வந்த எஸ்20இல் இருந்து கிடையாது. ஆனால் காரில் இருக்கும் செட்டும், வீட்டில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரும் இன்னும் நன்றாகவே பாடுகின்றன. ஒழுங்காகப் பராமரித்த ஒரு பழைய ஆம்ப்பும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் தரும் சத்தத்தை, கையில் தூக்கிப் போகிற ப்ளூடூத் ஸ்பீக்கர் எதுவும் தராது என்பது என் உறுதியான எண்ணம். போனில் ஒரு ஓட்டை இல்லை என்பதற்காக அதையெல்லாம் ஓரங்கட்ட வேண்டாம். எப்படிப்பட்ட பழைய செட்டுக்கும் ஏதாவது ஒரு வழி இருக்கிறது.

புதிதாக இறங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, போனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்து ஒரு கேபிளை வாங்கிவிட்டு, அதை செட்டில் எங்கே சொருகுவது என்று அப்புறம் தேடுவது. தலைகீழாகச் செய்யுங்கள். செட்டுக்குள் சத்தம் நுழைய என்ன வழி இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள், அதற்கு ஏற்றதைப் பிறகு வாங்குங்கள்.

முதல் வேலை: செட்டை நன்றாகப் பாருங்கள்

வீட்டு செட் என்றால் சுவரில் இருந்து கொஞ்சம் இழுத்து, டார்ச் அடித்து, பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் வாங்கும்போது கடைக்காரரிடம் காட்டவும் உதவும். கார் என்றால் செட்டின் முகப்பில் ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒரு சின்ன ஓட்டை, அதாவது 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ், இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பில் இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். கையை வைத்துக்கொள்ளும் நடுப்பெட்டிக்குள், டாஷ்போர்டு அறைக்குள், சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் என்று ஒளித்து வைத்திருப்பார்கள். சில செட்களில் பின்பக்கம் மட்டும்தான் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் ஆக்ஸ் என்ற சொல்லைத் தேடிப் பார்ப்பது, டாஷ்போர்டைக் கழற்றுவதைவிட எவ்வளவோ எளிது.

போன் பக்கம்: டைப் சி அடாப்டரில் இருக்கும் சிக்கல்

ஆக்ஸ் ஓட்டை இருந்தால் உங்களுக்கு வேண்டியது இரண்டே பொருள்: போனில் இருந்து 3.5 ஓட்டைக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன அடாப்டர், இருபுறமும் பின் உள்ள ஓர் ஆக்ஸ் கேபிள். ஐபோனில் 2023இல் வந்த 15இல் இருந்து டைப் சி, அதற்கு முந்தையவற்றில் லைட்னிங், அதைப் பார்த்து வாங்குங்கள்.

இந்த டைப் சி அடாப்டரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெளியில் பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இரண்டு வகை. ஒன்றில் வெறும் ஒயர் மட்டும்தான், போனே ஆடியோ சிக்னலை அந்த டைப் சி வழியாக அனுப்பினால்தான் வேலை செய்யும். அப்படி அனுப்பும் போன்கள் குறைவு. இன்னொன்றில் டேக் (DAC) என்கிற சிப் இருக்கும், போன் தரும் டிஜிட்டல் தகவலை அதுவே ஆடியோ சிக்னலாக மாற்றிவிடும். சாம்சங், பிக்சல், டைப் சி ஐபோன் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். அட்டையில் டேக் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். எந்தப் போன் என்று தெரியாமல் வாங்கினாலும் அது அநேகமாக வேலை செய்யும், சிப் இல்லாதது அநேகமாகச் செய்யாது.

சரியான அடாப்டரைச் சொருகியும் சத்தம் போனிலேயே வருகிறதா? ஒப்போ, ஒன்பிளஸ் போன்ற சில போன்களில் ஓடிஜி என்ற அமைப்பை செட்டிங்ஸில் போய் நாமே ஆன் செய்ய வேண்டும், கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானாக ஆஃப் ஆகியும்விடும். நேற்று பாடிய அடாப்டர் இன்று பாடவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆக்ஸ் கேபிளின் பின்னையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். உலோகத்தின் மேல் மெல்லிய கறுப்பு வளையங்கள் இருக்கும். இரண்டு வளையம் என்றால் ஸ்டீரியோ பின், மூன்று என்றால் மைக்கும் சேர்ந்த ஹெட்செட் பின். செட்டுக்கு இரண்டு வளையம் போதும், அதுதான் சிக்கல் தராது. பின் முழுவதும் உள்ளே போகவில்லை என்றாலோ, கிரவுண்ட், அதாவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒயர், தொடவில்லை என்றாலோ விசித்திரமான ஒன்று நடக்கும்: பாடுகிறவரின் குரல் மட்டும் காணாமல் போய், வாத்தியங்கள் எங்கோ தூரத்தில் இருந்து கேட்பது போல் இருக்கும். இடது பக்கத்திலும் வலது பக்கத்திலும் ஒரே அளவில் இருப்பவை ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதால் அப்படி ஆகிறது, குரல் வழக்கமாக இரண்டிலும் சமமாகத்தான் இருக்கும். இப்படிக் கேட்டால் செட்டில் கோளாறு இல்லை, பின்னை இரண்டு முனையிலும் அழுத்திச் சொருகிப் பாருங்கள். அடாப்டரே போனில் சரியாக உட்காரவில்லை என்றால் போன் கவரைக் கழற்றிப் பாருங்கள், தடித்த கவர்தான் பல நேரம் அதை முழுதாக உள்ளே போக விடாமல் தடுக்கும்.

வீட்டு ஸ்டீரியோ

வீட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாக வட்டச் சாக்கெட்டுகள் இருக்கும், ஆர்சிஏ என்பார்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. வெள்ளைக்குப் பதில் கறுப்பு இருந்தாலும் அதே அர்த்தம்தான். ஒரு பக்கம் 3.5 பின், மறுபக்கம் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின் உள்ள கேபிள் ஒன்று போதும்.

எந்த ஜோடியில் சொருகுவது என்பதுதான் கேள்வி. ஆக்ஸ் என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லாவிட்டாலும் கவலை இல்லை: சிடி, டியூனர், வீடியோ, டேப் பிளே என்று எது காலியாக இருக்கிறதோ அதில் சொருகலாம், எல்லாம் ஒரே வகை உள்ளீடுதான், பெயர் மட்டும்தான் வேறு. முகப்பில் இருக்கும் குமிழை அதே பெயருக்குத் திருப்பினால் பாட்டு வரும். டேப் உள்ளீட்டில் சொருகினீர்கள் என்றால் சில ஆம்ப்களில் டேப் மானிட்டர் என்று தனியாக ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால்தான் கேட்கும்.

தொடக் கூடாத ஒன்று ஃபோனோ. ஆங்கிலத்தில் போன் என்று எழுதியிருப்பது போலத் தெரிவதால் போனை அங்கேதான் சொருக வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கிராமபோன் தட்டு சுழற்றும் டர்ன்டேபிளுக்கு உரியது. டர்ன்டேபிளின் முள் தருவது சில மில்லிவோல்ட்தான், அதனால் அந்த உள்ளீடு வருவதைப் பல மடங்கு பெருக்கி, பேஸையும் கூட்டி அனுப்பும். போனில் இருந்து வருவது அதைவிட நூறு மடங்குக்கும் மேல். சொருகினால் காது கிழிகிற மாதிரி, உடைந்த சத்தம்தான் வரும், ஸ்பீக்கருக்கும் நல்லதில்லை. அதேபோல ரெக் அவுட், டேப் அவுட் என்று இருப்பவை வெளியே போகும் வழி, அதில் சொருகினால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கர் ஒயர் போகும் திருகு முனைகளுக்குப் போன் பக்கம் இருந்து எதையும் கொண்டுபோகவே போகாதீர்கள்.

சொருகும் முன் ஆம்ப்பின் வால்யூமை அடியோடு குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ‘டப்’ என்று ஒரு அடி ஸ்பீக்கரில் விழும்.

ஐரோப்பிய தயாரிப்பு பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர்களில் ஆர்சிஏவுக்குப் பதில் அரைவட்டமாக ஐந்து துளை உள்ள டின் சாக்கெட் இருக்கும். அதற்கும் கேபிள் கிடைக்கிறது, ஆனால் பதிவு செய்வதற்கு ஒரு விதமாகவும் கேட்பதற்கு வேறு விதமாகவும் உள்ளே ஒயரிங் செய்திருப்பார்கள். செட்டுக்குள் சத்தத்தை அனுப்பும் வகை வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஸ்பீக்கர் உள்ள பழைய ரேடியோவாக இருந்தால் போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ என்பதை ஆன் செய்துவிடுங்கள். ஒரு பக்க ஒயரை மட்டும் இணைத்தாலும் பாட்டில் எதுவும் விட்டுப் போகாது. இரண்டு பக்க ஒயரையும் வெறுமனே முறுக்கி ஒன்றாக்காமல் இருக்க இது நல்ல வழி.

உட்கார்ந்த இடத்தில் இருந்தே பாட்டை மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு ப்ளூடூத் ரிசீவர். சின்னப் பெட்டி, அதே ஆர்சிஏ கேபிள் வழியாக ஆம்ப்பில் சேரும், ஒரு சார்ஜரில் இருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும், ஒரு முறை போனோடு ஜோடி சேர்த்துவிட்டால் போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல பெட்டிகளில் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், டிஎக்ஸ் என்றும் ஆர்எக்ஸ் என்றும் எழுதியிருக்கும். ஆர்எக்ஸ் என்றால் வாங்கிக்கொள்வது, டிஎக்ஸ் என்றால் அனுப்புவது. ஆம்ப்போடு சேர்க்கும்போது அது ஆர்எக்ஸில் இருக்க வேண்டும். டிஎக்ஸில் வைத்துவிட்டால் விளக்கு எரியும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், போனில் மட்டும் அதன் பெயர் வரவே வராது. மணிக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இந்த ஸ்விட்ச்தான்.

ப்ளூடூத் கொஞ்சம் தாமதமாகத்தான் சத்தத்தைத் தரும். பாட்டுக்கு அது பொருட்டே இல்லை, கேம் ஆடும்போதுதான் உறுத்தும். சத்தத்தின் தரத்தை மட்டும் வைத்துச் சொன்னால், நல்ல ஸ்பீக்கர் உள்ள வீட்டில் டேக் அடாப்டரும் ஒயரும்தான் என் முதல் தேர்வு. கூட்டம் கூடிப் பேசிக்கொண்டே கேட்பதற்கு ப்ளூடூத் தாராளமாகப் போதும்.

கார்

காரில் ஆக்ஸ் இருந்தால் நான் சொல்வது அந்த ஆக்ஸில் ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவர். வீட்டில் ஒயர் என்று சொல்லிவிட்டு இங்கே மாற்றிச் சொல்லக் காரணம் உண்டு: காரில் போன் சார்ஜ் ஆக வேண்டும், வழியும் காட்ட வேண்டும், ஒரே டைப் சி ஓட்டையில் ஆடியோ அடாப்டரும் சொருகினால் சார்ஜருக்கு இடம் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தரும் அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் மலிவானவை விரைவில் ஆட்டம் காணும். வண்டி ஓடுகிற இரைச்சலில் ப்ளூடூத்துக்கும் ஒயருக்கும் இடையே பெரிய வித்தியாசமும் தெரியாது, அதனால் காருக்கு என்று கூடுதல் விலை கொடுத்து உயர்தர கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) உள்ள ரிசீவர் வாங்குவது வீண்.

செட்டிலேயே ப்ளூடூத் இருக்கிறது, போன் பேசினால் கேட்கிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்று பலர் சொல்வார்கள். பழைய கார்களில் இது சகஜம். அழைப்புக்கு ஒரு ப்ரொஃபைல், பாட்டுக்கு ஏ2டிபி என்று இன்னொரு ப்ரொஃபைல். அந்தக் காலத்துச் செட்களில் சிலவற்றில் முதலாவது மட்டும்தான் இருக்கும். அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் போனின் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்தில் தட்டி, மீடியா ஆடியோ ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். போன் சேரவே மறுத்தால் செட்டில் ஏற்கெனவே பதிவான பழைய போன்களை அழித்துவிட்டு முயலுங்கள், பட்டியல் நிரம்பியிருந்தால் புதியதை ஏற்காது. எண் கேட்டால் 0000 அல்லது 1234 அடித்துப் பாருங்கள். புதுப் போனின் ப்ளூடூத் பதிப்பு பெரிய எண்ணாக இருப்பதால் பழைய செட்டோடு சேராது என்று சொல்வது சரியில்லை, புதிய பதிப்புள்ள போன்களும் பழையவற்றோடு பேசும்.

அடுத்து யுஎஸ்பி. பழைய கார் செட்டில் யுஎஸ்பி ஓட்டை இருந்தால் போனைச் சொருகினால் பாடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு, பெரும்பாலும் சார்ஜ் மட்டும்தான் ஆகும், அதுவும் மெதுவாக. அந்த ஓட்டை பென்டிரைவுக்காக வைத்தது. இன்றைய ஆண்ட்ராய்டு போன் தன்னைப் பென்டிரைவாகக் காட்டிக்கொள்வதில்லை, எம்டிபி என்ற வேறு முறையில்தான் கோப்புகளைத் தருகிறது, அது பல செட்களுக்குப் புரியாது. ஐபாட் என்று எழுதியுள்ள செட்கள் ஐபோனோடு சேர வாய்ப்பு உண்டு, சொருகிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. மற்றவர்கள் ஒரு சின்ன பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து எம்பி3 பாட்டுகளைப் போட்டு நிரந்தரமாக அதிலேயே விட்டுவிடலாம். போனில் சிக்னல் இல்லாத மலைப்பாதையில் அதுதான் கைகொடுக்கும்.

கேசட் செட் மட்டும் இருக்கிறதா? நல்லது, அடுத்துச் சொல்லப்போகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைவிடச் சிறந்த வழி உங்களுக்கு இருக்கிறது. கேசட் வடிவ அடாப்டரில் ஒரு காந்தத் தலை இருக்கும், அது செட்டின் தலைக்கு நேராக உட்கார்ந்து பாட்டைக் கடத்தும். அதன் ஒயரைப் போனின் அடாப்டரிலோ ப்ளூடூத் ரிசீவரிலோ சொருகலாம். ப்ளூடூத் உள்ளேயே இருக்கும் கேசட்களும் வந்துவிட்டன. உள்ளே போட்டதும் செட் திரும்பத் திரும்பப் பக்கம் மாற்றினாலோ வெளியே துப்பினாலோ, டேப் சுழலவில்லை, முடிந்துவிட்டது என்று அது நினைக்கிறது என்று அர்த்தம். பக்கம் மாற்றும் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள், அதற்கும் கேட்கவில்லை என்றால் உள்ளே பற்சக்கரங்கள் சேர்ந்து சுழலும் வேறு அடாப்டர் வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் செட்டின் தலையைப் பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். பல வருட அழுக்கு பழுப்பாக வரும், சத்தம் தெளிவதைக் காதாலேயே உணரலாம்.

எதுவுமே இல்லை, ரேடியோ மட்டும்தான் என்றால் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். லைட்டர் சாக்கெட்டில் சொருகுவது, போனோடு ப்ளூடூத்தில் சேர்ந்து, ஒரு குட்டி வானொலி நிலையம் போலப் பாட்டை அனுப்பும். பெரும்பாலான நாடுகளில் எஃப்எம் 87.5இல் இருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்துவிட்டு ரேடியோவைத் திருப்பி, எந்த நிலையமும் கேட்காத ஓர் எண்ணைத் தேடுங்கள். அது மட்டும் போதாது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களிலும் நிலையம் இல்லாமல் இருக்க வேண்டும். அப்புறம் டிரான்ஸ்மிட்டரிலும் அதே எண்ணை வையுங்கள். சட்டப்படி இதன் சக்தி மிகக் குறைவாகத்தான் இருக்க முடியும், அதனால் ஊர் மாறும்போது பெரிய நிலையம் ஒன்று வந்து உங்கள் பாட்டை அமுக்கிவிடும், மறுபடி எண் தேட வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுத் தேடுங்கள், ஓட்டிக்கொண்டே வேண்டாம். இது என் கடைசித் தேர்வு, ஆனாலும் எந்த எஃப்எம் ரேடியோவிலும் வேலை செய்யும் என்பதை மறுக்க முடியாது.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடவே ஏறும் கீச்சொலி

காரில் ஆக்ஸும் சார்ஜரும் ஒன்றாகச் சொருகியதும் பாட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ‘ஈ’ என்ற ஒலி கேட்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே உயரும், காலை எடுத்தால் இறங்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் எழுப்பும் இரைச்சல் அது. போன் சார்ஜர் வழியாகவும் வண்டியின் கிரவுண்டைத் தொடுகிறது, ஆக்ஸ் கேபிள் வழியாகவும் தொடுகிறது, அந்த இரண்டு பாதையும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. சோதிப்பது எளிது: சார்ஜரைப் பிடுங்குங்கள். ஒலி நின்றால் காரணம் அதுதான். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னப் பொருள் கிடைக்கும், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், ஆக்ஸ் கேபிளின் நடுவில் சொருகினால் போதும். மட்டமானவை பேஸைக் கொஞ்சம் தின்றுவிடும். அது பிடிக்காதவர்கள் உள்ளேயே பேட்டரி உள்ள ப்ளூடூத் ரிசீவரை வாங்கி, ஓட்டும்போது அதைச் சார்ஜரில் போடாமல் பயன்படுத்தலாம், வளையமே உருவாகாது.

வால்யூம்

இரண்டு இடத்தில் வால்யூம் இருப்பதால் எதை வைத்துக் கூட்டுவது என்று குழம்புவார்கள். போனை எண்பது தொண்ணூறு சதவீதத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை செட்டில் கூட்டிக் குறையுங்கள். போனில் குறைத்து செட்டில் முழுக்கக் கூட்டினால் பாட்டோடு செட்டின் இரைச்சலும் பெருகும். போனை நூறில் வைத்துச் சத்தம் உடைகிறது என்றால் இரண்டு படி இறக்குங்கள், தெளிந்துவிடும். போனில் ஈக்வலைசர், டால்பி போன்றவை ஆனில் இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள், பேஸ், டிரபிள் குமிழ்கள் செட்டிலேயே இருக்கின்றன. சத்தம் ரொம்பக் குறைவாக வருகிறது, எவ்வளவு கூட்டியும் போதவில்லை என்றால் காது பாதுகாப்புக்கான வால்யூம் வரம்பு போனில் ஆனில் இருக்கிறதா என்று தேடுங்கள். செட்டை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு போன் அடக்கி வாசிக்கும்.

செட்டையே மாற்றுவதென்றால்

கார் செட்டே தகராறு செய்கிறது என்றால் மாற்றிவிடலாம். செட்டின் முகப்பு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் இருந்தால் அது சிங்கிள் டின் என்ற பொது அளவு, ப்ளூடூத் உள்ள புதிய செட் அதே இடத்தில் உட்காரும். பின்னால் இருக்கும் ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள், உங்கள் வண்டி மாடலுக்கு உரிய ஹார்னஸ் அடாப்டர் கேட்டு வாங்குங்கள், நாளைக்குப் பழைய செட்டையே திரும்பப் போட வேண்டுமானாலும் போடலாம். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் பழைய செட்டின் ரகசிய எண் கையேட்டிலோ அதோடு வந்த அட்டையிலோ இருக்கிறதா என்று தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் சில செட்கள் மறுபடி உயிர்பெறாது.